குதிரைத்திறன் மட்டும் பார்த்து மோட்டார் வாங்கலாமா?
தேனி மாவட்டத் தோட்டக் கிணறுகளுக்கு ஏற்ற பம்புசெட் தேர்வு

கோடை முழுவதும் ஒழுங்காக ஓடிய மோட்டார், வாய்க்காலில் தண்ணீர் வந்து கிணறு நிரம்பிய பிறகு காயில் கருகிப் போவதுண்டு. தண்ணீர் மேலே வந்துவிட்டது, மோட்டாருக்கு வேலை குறைந்துவிட்டது, பிறகு ஏன் எரிகிறது என்று விவசாயிகள் திகைப்பார்கள். மின்சாரத்தின் மீது பழி விழும். அல்லது காயில் கட்டியவர் மீது விழும். உண்மையில் தவறு மோட்டார் வாங்கிய அன்றே நடந்திருக்கும். கிணற்றை அளக்காமல், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டு வாங்கியதுதான் அந்தத் தவறு.

கம்பம் பள்ளத்தாக்கில் இது மற்ற ஊர்களைவிட முக்கியமான விஷயம். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் லோயர் கேம்ப் வழியாக இறங்கி, கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது. அந்த வயல்களுக்கு மோட்டார் தேவையில்லை. ஆனால் வாய்க்கால் எட்டாத மேட்டுத் தோட்டங்களில் நிற்கும் திராட்சைக்கும் வாழைக்கும் தென்னைக்கும் கிணறுதான் கதி. வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில், தண்ணீர் ஓடும் மாதங்களில் ஊற்று ஏறும். பங்குனி, சித்திரையில் அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரே கிணற்றில் ஆண்டுக்குள் இருபது, இருபத்தைந்து அடி வித்தியாசம் இருக்கலாம். ஒரு மோட்டார் இந்த இரண்டு நிலைக்கும் ஈடு கொடுக்க வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் கதை வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

கமலையிலிருந்து மோட்டார் வரை

கமலை ஏற்றத்தில் மாட்டின் சக்திக்கு மேல் தண்ணீர் இறைக்க முடியாது. எனவே கிணற்றின் ஆழமும் மாட்டின் வலுவும் இயல்பாகவே பொருந்திப் போயின. பைகாரா மின்சாரம் 1932-ல் வந்ததும் கோவைப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். இன்று தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஐ ஒட்டி மற்ற விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று.

கட்டணம் இல்லாத மின்சாரம் பெரிய உதவி. அதில் ஐயமில்லை. ஆனால் அதனால் ஒரு பழக்கமும் வந்துவிட்டது. பில் வராததால், மோட்டார் வீணாக இழுக்கும் மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நஷ்டம் வேறு வழியில் வருகிறது. காயில் கட்டும் கூலி இலவசமில்லை. பட்டறையில் மோட்டார் கிடக்கும் பத்து நாளில் வாழைத்தார் பருக்காமல் நின்றுபோனால், கவாத்து செய்த திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் தவறினால், அதற்கு யாரும் மானியம் தருவதில்லை.

முதலில் கிணற்றை அளக்க வேண்டும்

மோட்டார் கடைக்குப் போகுமுன் ஒரு கயிறும் ஒரு கடிகாரமும் போதும். கயிற்றில் அடிக்கு அடி முடிச்சுப் போட்டு, கோடையில் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து எத்தனை அடி கீழே இருக்கிறது, நிரம்பிய காலத்தில் எத்தனை அடி என்று இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கிணற்றை ஓரளவு இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்க வேண்டும்.

முப்பதுக்கு முப்பது அடி சதுரக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடித் தண்ணீர் என்பது 900 கன அடி. அதாவது சுமார் 25,500 லிட்டர். மணிக்கு அரை அடி ஊறினால் மணிக்குச் சுமார் 12,700 லிட்டர் ஊற்று. அதன் வருமானம் அவ்வளவுதான். இந்தக் கிணற்றில் பத்தடித் தண்ணீர் நிற்கும்போது மணிக்கு 54,000 லிட்டர் இறைக்கும் 7.5 குதிரைத்திறன் மோட்டாரை வைத்தால் ஆறு மணி நேரத்தில் தரை தெரியும். பிறகு மோட்டார் வெறும் காற்றை இழுக்கும். மணிக்கு 21,600 லிட்டர் இறைக்கும் 3 குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஒரு நாளைக்கு மேல் தாங்கும். இடையில் ஊற்றும் வந்துகொண்டே இருக்கும். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே கிடைக்கும் இடத்தில், தேங்கிய தண்ணீரைச் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பெரிய மோட்டார் வைப்பது நியாயமே. அந்தக் காரணம் இல்லாமல் பெரியதை வைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

அடுத்தது மொத்த உயரம். இதைக் கடைக்காரர் 'ஹெட்' என்பார். கோடையில் தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 40 அடி, தொட்டியில் தண்ணீர் விழும் வாய் தரைக்கு மேலே 5 அடி, குழாயிலும் வளைவுகளிலும் புட்வால்விலும் ஏற்படும் உராய்வு 14 அடி என்றால் மொத்தம் 59 அடி. மீட்டர் கணக்கில் 18. புட்வால்வு அடைத்துக்கொண்டாலோ குழாய் சிறுத்தாலோ அந்த 14 அடி இன்னும் கூடும்.

கணக்கு எளியது. வினாடிக்கு எத்தனை லிட்டர் வேண்டுமோ அதை மொத்த உயர மீட்டரால் பெருக்கி 76-ஆல் வகுத்தால், தண்ணீரைத் தூக்க மட்டும் வேண்டிய குதிரைத்திறன் வரும். பம்பு அதில் பாதியை வீணாக்கும். நல்ல பம்பு கொஞ்சம் குறைவாக வீணாக்கும். வினாடிக்கு 6 லிட்டர், 18 மீட்டர் என்றால் 108. 76-ஆல் வகுத்தால் 1.42. பம்பின் திறன் நூற்றுக்கு 55 என்றால் 2.6 குதிரைத்திறன். நூற்றுக்குப் பதினைந்து கைக்காவலாகச் சேர்த்தால் 3. ஆக, 3 குதிரைத்திறன் மோட்டார் போதும். பழக்கத்தின் பேரில் 5 வாங்கும் தோட்டங்களில் பல இந்த ரகம்தான்.

சொட்டுநீருக்கு அதே மோட்டார் உதவுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சின்னமனூர் வட்டாரத்தில் ஜி-9 வாழை பரவிய பிறகு வாய்க்கால் பாய்ச்சலை விட்டுச் சொட்டுநீருக்கு மாறிய தோட்டங்கள் ஏராளம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் நூறு சதவீத மானியமும் உண்டு. குழாய் புதிதாக வரும். மோட்டார் மட்டும் பழையதாகவே இருக்கும். கடைசி வரிசையில் சொட்டு விழாது. அடைப்பு என்று நினைத்து அமிலம் விட்டுப் பார்ப்பார்கள்.

ஆறடிக்கு ஆறடி நட்ட வாழையில் ஏக்கருக்கு 1,210 கன்று. கன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டும் இரண்டு சொட்டுவான்கள் என்றால், ஏக்கருக்கு மணிக்கு 9,680 லிட்டர், வினாடிக்கு 2.7 லிட்டர்தான். பாய்ச்சலுக்குத் தேவைப்பட்டதில் பாதிகூட இல்லை. ஆனால் உயரம் கூடிவிடுகிறது. சொட்டுவான் வாயில் 10 மீட்டர் அழுத்தம் வேண்டும். வடிகட்டிக்கு 5, குழாய் உராய்வுக்கு 4, கிணற்று ஆழத்துக்கும் மேட்டுக்கும் 16 என்று சேர்த்தால் 35 மீட்டர். 2.7-ஐ 35-ஆல் பெருக்கினால் 94.5. பாதித் திறனும் கைக்காவலும் சேர்த்துக் கணக்கிட்டால் இதற்கும் ஏறக்குறைய 3 குதிரைத்திறன்தான் வருகிறது.

இரண்டும் 3 குதிரைத்திறன். ஆனால் முதல் மோட்டாரின் பம்பு நிறையத் தண்ணீரைக் குறைந்த உயரத்துக்குத் தள்ளும். இரண்டாவது கொஞ்சம் தண்ணீரை அதிக உயரத்துக்குத் தள்ளும். முதலாவதைச் சொட்டுநீரில் மாட்டினால் 35 மீட்டருக்கு அது எட்டவே எட்டாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் கேட்கும், தண்ணீர் போய்ச் சேராது. கடையில் "மூணு எச்.பி. குடுங்க" என்று மட்டும் கேட்டால் கிடைப்பது எந்த 3 என்று தெரியாது.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் நனைக்க நினைத்தால் 5 குதிரைத்திறனும் போதாமல் போகலாம். வால்வு வைத்து ஒரு ஏக்கர் முடிந்ததும் அடுத்த ஏக்கர் என்று பிரித்துக்கொண்டால் அதே 3 போதும். மோட்டாரைப் பெரிதாக்குவதைவிட வால்வு மலிவு.

தண்ணீர் ஏறினால் ஏன் எரிகிறது?

மோனோபிளாக் பம்பில் உயரம் குறைந்தால் தண்ணீர் அதிகமாக வரும். தண்ணீர் அதிகமாக வந்தால் மோட்டாரின் சுமை கூடும், ஆம்பியரும் கூடும். 40 அடி ஆழத்துக்கு வாங்கிய பம்பு, தண்ணீர் 15 அடிக்கு ஏறிய பிறகும் அதே வேகத்தில் சுற்றுகிறது. முன்பைவிட அதிகமான தண்ணீரை அள்ளி வீசுகிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். மோட்டாரின் உடம்பைத் தொட்டால் கை சுடும். பழைய காயிலாக இருந்தால் ஒரு வாரத்தில் கருகிவிடும்.

இதைத் தடுக்க இரண்டு வழி. வாங்கும்போதே பெயர்ப்பலகையில் 'ஹெட் ரேஞ்ச்' என்று பொறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கிணற்றுக்கு 10 மீட்டரிலிருந்து 18 மீட்டர் வரையாவது அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். 18-க்கு மட்டும் பார்த்து, 16-லிருந்து 30 வரை உள்ள பம்பை வாங்கினால் நிரம்பிய காலத்தில் ஆபத்து. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் டெலிவரி குழாயில் ஒரு கேட்வால்வு பொருத்தி, தண்ணீர் ஏறிய மாதங்களில் அதைக் கொஞ்சம் மூடி வைக்க வேண்டும். வால்வை மூடினால் மோட்டாருக்குப் பாரம் கூடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்தப் பம்பில் அது நேர்மாறு. வயர்மேனிடம் டாங் டெஸ்டர் இருந்தால், பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்குக் கீழே வரும்வரை வால்வைத் திருகி, அந்த இடத்தில் அடையாளம் போட்டு வைக்கலாம்.

கிணற்றுத் திட்டில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிரமம் உண்டு. உறிஞ்சு குழாய் இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேல் நன்றாக இழுக்காது. காற்றின் அழுத்தமே அதற்கு மேல் உதவாது. எந்த கம்பெனி மோட்டாராலும் இதை மாற்ற முடியாது. எனவே கோடையில் மோட்டாரைக் கீழ்த்திட்டுக்கு இறக்குவதும், தண்ணீர் வந்ததும் மூழ்காமல் இருக்கச் சங்கிலி போட்டுத் தூக்குவதுமாக இருக்கும். ஓர் இரவில் தண்ணீர் ஏறிவிட்டால் மோட்டார் உள்ளே போய்விடும். இப்படி மட்டம் மாறும் கிணறுகளுக்குத் திறந்தவெளிக் கிணற்று நீர்மூழ்கி மோட்டாரே நல்லது. விலை கூடுதல்தான். உறிஞ்சு குழாயும் புட்வால்வும் இல்லாததால் அந்தச் செலவும் உராய்வும் மிச்சம்.

வோல்டேஜ்

மும்முனை மோட்டார்கள் 415 வோல்ட்டுக்குச் செய்யப்படுகின்றன. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 350 வோல்ட் வந்தால் இழுவை நூற்றுக்கு எழுபத்தொன்றாகக் குறையும். அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிக ஆம்பியர் எடுக்கும், காயில் சூடேறும். முழு வோல்டேஜில் ஏழரை ஆம்பியர் எடுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார், வோல்டேஜ் குறையும்போது ஒன்பதைத் தொடும். லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களுக்கு, குறைந்த வோல்டேஜிலும் ஓடும்படி காயில் அமைத்த ரகங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒரு 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர் இல்லாத 5 குதிரைத்திறன் மோட்டார்கள் பதினொன்று, பன்னிரண்டைத் தாங்கும். ஒவ்வொருவரும் யாருக்கும் தெரியாமல் 7.5 மாட்டினால் எட்டுதான் தாங்கும். மீதி நான்கு பேரின் வோல்டேஜை எல்லோருமாகச் சேர்ந்து இழக்கிறார்கள். வோல்டேஜ் குறைந்ததென்று இன்னும் பெரிய மோட்டார் வாங்கினால் வோல்டேஜ் இன்னும் குறையும். இணைப்பில் பதிவான குதிரைத்திறனுக்கு மேல் வைப்பதற்கு மின்வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பொருத்தினால் லைனில் ஓடும் ஆம்பியர் குறையும். இரண்டு பேஸில் கண்டென்சர் வைத்து மும்முனை மோட்டாரை ஓட்டுகிறவர்கள் தண்ணீரையும் எடுக்கிறார்கள், மோட்டாரின் ஆயுளையும் எடுக்கிறார்கள். ஒரு பேஸ் போனால் நிறுத்தும் கருவியும், தண்ணீர் வற்றினால் நிறுத்தும் கருவியும் ஒரு தடவை காயில் கட்டும் கூலியை மிச்சப்படுத்தினாலே போட்ட பணம் திரும்பிவிடும்.

ஆழ்துளைக் கிணறும் சூரிய மோட்டாரும்

ஆண்டிபட்டி, போடிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் 'எத்தனை ஸ்டேஜ்' என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஸ்டேஜும் சில மீட்டர் உயரத்தைத் தரும். குதிரைத்திறன் ஒன்றாக இருந்தும் ஸ்டேஜ் குறைந்தால் தண்ணீர் மேலே வராது. இறக்குமுன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டிய ரகங்களில் அதை மறக்கக் கூடாது. குழியின் அடியில் போய் உட்காரும்படி இறக்குவதும் தவறு. சேறு மூடினால் மோட்டார் குளிராது.

சூரிய மோட்டார்களை நம்பி மாறுகிறவர்கள் இன்னும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். 2019-ல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் 3 குதிரைத்திறனுக்கு 3,000 வாட், 5-க்கு 4,800 வாட் பலகைகள் வைக்கிறார்கள். இங்கே தேவைக்கு மேல் வாங்கும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் பலகையாக விலை கொடுக்க வேண்டும். இவற்றில் சில மோட்டார்களில் நிலைக்காந்தம் இருக்கும்; கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் சுற்றாது. கோவைப் பட்டறைகளில் கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைச் செதுக்கும் மில்லிங் இயந்திரங்களில் உள்ள செர்வோ மோட்டார் இதற்கு உறவுமுறைதான். அங்கே தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் பெட்டி கண்காணிக்கும்; இங்கே வெயிலுக்கு ஏற்ப வேகத்தை மாற்றினால் போதும். பழைய கைமில்லிங் இயந்திரத்தில் செர்வோ பொருத்தும் மெக்கானிக்கும் முதலில் மோட்டார் பட்டியலைப் புரட்டுவதில்லை. மேசையின் எடை என்ன, என்ன வேகத்தில் நகர வேண்டும், திருகாணி எவ்வளவு இறுக்கம் என்றுதான் பார்ப்பார்.

சூரிய மோட்டாரில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மேகம் மூடி வேகம் நூற்றுக்கு எழுபதாகக் குறைந்தால், தண்ணீர் ஏறும் உயரம் எழுபதாகக் குறையாது. ஏறக்குறைய பாதியாகக் குறையும். 35 மீட்டர் பம்பு 17 மீட்டருக்குத்தான் தள்ளும். நேராகச் சொட்டுநீர்க் குழாயில் இணைத்தால் அந்த நேரம் வீண். வெயிலில் மேட்டுத் தொட்டியை நிரப்பி, அங்கிருந்து விடுவது பாதுகாப்பு. மானிய அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும்; வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புதிது வாங்காமலே

எல்லோரும் உடனே மோட்டாரை மாற்ற முடியாது. குழாயை மாற்றுவது அதைவிட மலிவு. இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால் அதே தண்ணீருக்கு உராய்வு ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும். துளை குறுகிய இரும்புப் புட்வால்வை எடுத்துவிட்டு, வழி அகலமான பிளாஸ்டிக் புட்வால்வு போடலாம். தொட்டிக்கு மேலே ஆறடி உயரத்திலிருந்து அருவிபோல் தண்ணீர் விழும்படி குழாயைத் தூக்கி வைத்திருப்பார்கள். அழகுதான். அந்த ஆறடிக்கும் மோட்டார் உழைக்கிறது. குழாயின் வாயைத் தொட்டி விளிம்புக்கு இறக்கினால் காசு செலவில்லாமல் கொஞ்சம் தண்ணீர் கூடும். காயில் கட்டக் கொடுக்கும்போது பழைய கம்பியின் பருமனும் சுற்றுகளும் மாறாமல் கட்டச் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பி போட்டுக் கூலியைக் குறைத்தால் அடுத்த கோடைக்குள் மோட்டார் மறுபடி பட்டறைக்கு வரும்.

புதிதாக வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு தர எண்ணையும் பார்க்கலாம். மோனோபிளாக்கிற்கு ஐ.எஸ். 9079, ஆழ்துளை நீர்மூழ்கிக்கு 8034, திறந்த கிணற்று நீர்மூழ்கிக்கு 14220. மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரச் சீட்டு இருந்தால், நட்சத்திரம் கூடக் கூட மின்சாரம் குறையும். கடைக்காரரிடம் குதிரைத்திறனைச் சொல்லாமல், "கோடையில் 18 மீட்டர், நிரம்பினால் 10 மீட்டர், வினாடிக்கு 6 லிட்டர்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, அதற்கு எந்த ரகம் என்று பில்லிலேயே குறித்து வாங்குவது நல்லது.

பொருத்திய அன்று 200 லிட்டர் பேரலைக் குழாயின் வாயில் வைத்து நேரம் பார்க்க வேண்டும். 33 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 6 லிட்டர். 50 வினாடி ஆனால் நாலுதான் வருகிறது. மெக்கானிக் போகுமுன் அவரிடம் கேட்டுவிட வேண்டும்.